பிப்ரவரி முப்பதில் பிறந்தவள்

பிப்ரவரி முப்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் மாரிக்கனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டே முக்கால் கிலோ, சுகப்பிரசவம், தலை நிறைய முடி. அப்படி ஒரு தேதியே கிடையாதே என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை, ஏனென்றால் அந்த நாளில் நாங்கள் எல்லோரும் இருந்தோம், சமைத்தோம், துணி துவைத்தோம், மத்தியானம் படுத்து எழுந்தோம். அந்த நாள் வந்ததற்குக் காரணம் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை.

என் பெயர் சீனிராஜ். தீப்பெட்டியும் பட்டாசும் காலண்டரும் செய்கிற ஊரில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் வேலை. தினசரி காலண்டரின் தாளைக் காலையில் கிழித்து, கசக்கிப் போடுவதற்கு முன்னால் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பீர்கள் இல்லையா, அங்கே பொடி எழுத்தில் நாலு வரி இருக்குமே, அதை எழுதுகிறவன் நான். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் மனிதனின் கழுத்திலும் ஏழே எலும்புகள்தான் என்பதும், வெள்ளிக் கிரகம் தன்னைத் தானே ஒரு தடவை சுற்றி முடிப்பதற்குள் சூரியனையே ஒரு தடவை சுற்றி வந்துவிடும் என்பதும், இங்கிலாந்துக்காரர்கள் 1752ஆம் வருடம் செப்டம்பர் இரண்டாம் தேதி இரவு படுத்து அடுத்த நாள் பதினான்காம் தேதியில் விழித்தார்கள் என்பதும் என் கைவழியாகத்தான் இந்த நாட்டுச் சமையலறைகளுக்குப் போயின. புரூஃப் பார்ப்பதும் நான்தான். ஒரு தகவலையும் தப்பாகப் போட்டதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவன்.

எங்கள் பிரஸ்ஸில் ஒரு முறை உண்டு. தேதியும் கிழமையும் ராகுகாலமும் வருகிற முன்பக்கத்துக்கான சீட்டில் தலைப்பைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட வேண்டும், பின்பக்கத்துக்கு நீலப் பென்சில். அது தொண்ணூற்றாறுக்கான காலண்டர், லீப் வருடம். இருபத்தொன்பதாம் தாளின் பின்னால் போடுவதற்கு நான் எழுதிக் கொடுத்த துணுக்கு, சுவீடன் நாட்டார் பஞ்சாங்கத்தைத் திருத்தப் போய் நாள் கணக்கில் குளறுபடி செய்துவிட்டு, அதைச் சரிக்கட்ட 1712ஆம் வருடம் பிப்ரவரிக்கு முப்பது நாள் வைத்துக்கொண்டார்கள் என்பது. தலைப்பு ‘பிப்ரவரி 30’. நீலப் பென்சிலைத் தேடினேன், காணோம். டீ ஆறிக்கொண்டிருந்தது. கையில் இருந்த சிவப்பால் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

அச்சுக் கோர்க்கிற ஆவுடையப்பன் எதையும் படிக்காமல் கோர்க்கிறவர், படித்தால் வேலை ஓடாது என்பது அவர் கட்சி. சிவப்புக் கோட்டைப் பார்த்தார், முன்பக்கம் என்று எடுத்துக்கொண்டார், பெரிய எழுத்தில் 30 கோர்த்தார், இருபத்தொன்பது வியாழன் என்பதால் முப்பது வெள்ளி என்று போட்டார், வெள்ளிக்கு உண்டான ராகுகாலத்தையும் சேர்த்தார், அதற்கு அடுத்த தாளில் மார்ச் ஒன்று, அதுவும் வெள்ளி, அது ஏற்கெனவே தயாராக இருந்தது. புரூஃப் என்னிடம் வந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அது ஊர்க் காலண்டர். ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு அடுத்த வருடத்து வேலையைத் தொடங்கும்போது, முதலில் எங்கள் ஊருக்கென்று அம்மன் படமும் பஸ் நேரமும் போட்ட காலண்டரை அடித்து வீடு வீடாகக் கொடுப்பது எங்கள் முதலாளியின் தகப்பனார் காலத்துப் பழக்கம், அதனால் வீடு, கடை, பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதுதான் தொங்கும். நாளைய தாளை இன்றைக்கே புரட்டிப் பார்ப்பது எங்கள் ஊரில் ஆகாது. ஆகவே இருபத்தொன்பதாம் தேதி முடிந்து மறுநாள் காலையில் ஊர் மொத்தமும் தாளைக் கிழித்தபோதுதான் முப்பதாம் தேதி வந்திருப்பது தெரிந்தது.

வந்த நாளை என்ன செய்வது? இருந்தோம். ஆறு மணி பஸ் வரவில்லை, பேப்பர் வரவில்லை, ரேடியோவில் இரைச்சல் மட்டும் கேட்டது. ஹெட்மாஸ்டர் காலண்டரைப் பார்த்துவிட்டு யோசித்து, பாடத்திட்டத்தில் இல்லாத நாள் என்று லீவு விட்டார். பெண்கள் வெள்ளிக்கிழமைக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள், ஆண்கள் பல வருடமாகத் தள்ளிப்போட்ட சில்லறை வேலைகளை எடுத்துச் செய்தார்கள், யாருக்கும் யாரும் எதற்கும் காத்திருக்காத நாளாக அது இருந்தது, ஒருவரும் ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. மாரிக்கனிக்கு மட்டும் வலி கண்டது. அவள் எங்கள் பிரஸ்ஸில் காலண்டரின் மேல்விளிம்பில் தகரத் தகடு அடிக்கிறவள், இருபத்துநாலு வயது, கல்யாணமாகி ஆறு வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. புருஷன் வேல்ச்சாமி லாரி டிரைவர். வியாழக்கிழமை பார்சல் ஏற்றிக்கொண்டு நாக்பூருக்குப் போயிருந்தான்.

மறுநாள் மார்ச் ஒன்று, மறுபடியும் வெள்ளி, மறுபடியும் கோலம். பஸ் வந்தது. டிரைவரைக் கேட்டால் நேற்று வியாழன்தான், நேற்றும் வந்தேனே என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்ததில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நஷ்டம் யாருக்கு என்று தெரிய ஒரு மாதம் ஆனது. மாரிக்கனியின் குழந்தை அழுதது, பால் குடித்தது, தூங்கியது, ஆனால் வளரவில்லை. எடை அதே இரண்டே முக்கால். ஒரு வாரத்தில் காய்ந்து விழ வேண்டிய தொப்புள்கொடி ஈரம் காயாமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. பிறந்த குழந்தை முதல் நாள் போகுமே கறுப்பாக, தார் மாதிரி, அதையேதான் தினமும் போனது, மாரிக்கனி தினமும் அந்தக் கறுப்புத் துணியை அலசிப் போட்டாள். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பெரிய டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, “கொழந்தைக்கு ஒரு குறையும் இல்லம்மா, ஒரு நாள் கொழந்த எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கு,” என்றார். ஜோசியர் கட்டம் போடப் பார்த்து, சந்திரன் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது, நட்சத்திரம் என்று எதைச் சொல்ல என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். நகராட்சியில் பிறப்புப் பதிவு எழுதுகிறவர் எங்கள் தெருக்காரர்.

“எனக்குத் தெரியாதா மாரிக்கனி? அன்னைக்குத்தான நான் வீட்டுக்கு வெள்ளையடிச்சேன். ஆனா ரிஜிஸ்டர்ல அந்த வரியே இல்லையேம்மா. மார்ச் ஒண்ணுன்னு போட்டுக்கிடுவமா?”

போட்டுக்கொண்டார்கள். குழந்தை அதற்கெல்லாம் மசியவில்லை.

வேல்ச்சாமி நல்லவன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “நான் இல்லாத நாள்ல பொறந்தவ, அதான் என்னய அடையாளம் தெரியல,” என்று சிரிப்பான். பிறகு சிரிப்பது குறைந்தது, தூரத்து லோடாகக் கேட்டு வாங்கிப் போனான், பதினைந்தாம் வருடம் ஒரு லோடோடு போனவன் நாக்பூரிலேயே தங்கிவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஊர் அவளை எடுத்துக்கொண்டது. பாப்பா என்பதே பெயராக நிலைத்துவிட்டது. மூன்றாம் வருடம் மாரிக்கனிக்குப் பால் வற்றியபோது, ஒரு நாள் குழந்தைக்குச் சீம்பால்தானே வேண்டும் என்று, எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதல் பாலில் பாப்பாவுக்கு ஒரு பங்கு என்று பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள், சீம்பால் இல்லாத நாட்களில் பாலாடையில் பசும்பால் தண்ணீர் கலந்து ஊற்றினார்கள், அதையும் குடித்துக்கொண்டது. சுகந்தி என்ற பெண் தொண்ணூற்றொன்பதில் பிறந்தவள், அவள் அம்மாவிடம் ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் பாப்பாவும் குடித்தார்கள். அதே சுகந்தி பள்ளிக்கூடம் போனாள், சைக்கிள் ஓட்டினாள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றாள், தன் பிள்ளையை ஒரு பக்கமும் பாப்பாவை மறுபக்கமும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்த அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

போலியோ சொட்டு மருந்து ஞாயிறு வந்தால் ஒவ்வொரு வருடமும் பாப்பாவுக்குச் சொட்டு விட்டு, இடது சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புவார்கள், ஐந்து வயதுக்கு உட்பட்டவள்தானே. பதினெட்டாம் வருடம் வாக்காளர் பட்டியலில் பெயரும் வந்தது. இருபது தாண்டியதும் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு வெளியூர்த் தரகர் ஒருவர் மாப்பிள்ளை விவரத்தோடு வீட்டுக்கு வந்து, தொட்டிலைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். எங்கள் ஊர் எதையும் பழகிக்கொள்ளும். பழகாதவள் மாரிக்கனி ஒருத்திதான்.

அவளுக்கு ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளை படிக்க வேண்டும், பேச வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. அவள் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி வைத்திருந்தாள், நான் எழுதிய பின்பக்கம்தான். ‘பிறந்த குழந்தைக்கு ஒரு முழ தூரம் வரைதான் ஓரளவு தெரியும். அழுதால் முதல் சில வாரங்களுக்குக் கண்ணீர் வராது. தாய் முகம் பார்த்து அது சிரிக்கச் சுமார் ஆறு வாரம் ஆகும்.’ தூக்கத்தில் உதடு கோணுவது சிரிப்பு இல்லை என்பதையும் நானே எழுதித் தொலைத்திருந்தேன். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு சிரிப்பு. முகம் பார்த்து, அம்மா என்று தெரிந்து, ஒரே ஒரு தடவை.

நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த லீப் வருடம் இரண்டாயிரம். அதற்கு முந்தின ஆடியில் முதலாளி காலில் விழாத குறையாகக் கேட்டேன், ஒரு பிப்ரவரி முப்பது போட்டுக்கொடுங்கள், குழந்தைக்குப் பிறந்தநாள் வரட்டும், வந்தால் வளருவாள்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். “போடலாம் சீனி. ஆனா அன்னைக்கு இன்னொருத்தி பெத்தா?”

ஊர் கூடிப் பேசியது. நிறைமாதப் பெண்கள் ஒன்பது பேரையும் முந்தின நாளே சாத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பினோம். ஆவுடையப்பன் வாழ்க்கையில் முதல்முறையாகப் படித்துப் பார்த்துக் கோர்த்தார். மாரிக்கனி குழந்தைக்குச் சட்டை தைத்து வைத்தாள், முதல் பிறந்தநாளுக்கான அளவில். காலையில் எல்லோரும் தாளைக் கிழித்தோம், 30 புதன் என்று பளிச்சென்று இருந்தது, ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது.

ஆறு மணிக்குப் பஸ் வந்தது. மார்ச் ஒன்று என்று போட்ட பேப்பர் வந்தது.

முப்பதாம் தாள் சுவரில் வெறும் தாளாகத் தொங்கியது. ஆவுடையப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தெரிஞ்சு போட்டா அது தப்பு இல்ல சீனி, அது வேல. நாம அன்னைக்குச் செஞ்சது தப்பு. அதான் விடிஞ்சது.”

அன்றிலிருந்து என் கதி இதுதான்: ஒரு தப்புச் செய்ய வேண்டும், உண்மையான தப்பு, தெரியாமல் செய்கிற தப்பு. உலகத்திலேயே இதைவிடச் சிரமமான வேலை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, எத்தனையோ அதிசயங்களைத் தேடி எழுதியவன், இதற்கு மட்டும் எந்தப் புத்தகத்திலும் வழி கிடைக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புரூஃப் பார்த்தேன், அரைத்தூக்கத்தில் பார்த்தேன், காய்ச்சலோடு பார்த்தேன், நீலப் பென்சில்களை வேண்டுமென்றே தொலைத்தேன், ஆனால் தொலைக்கும்போதே எதற்குத் தொலைக்கிறேன் என்று தெரிந்துதான் தொலைத்தேன். பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் கண் தானாக விரியும். இருபத்தெட்டு, மார்ச் ஒன்று, சரியாக இருக்கும், நாசமாய்ப் போக, ஒவ்வொரு வருடமும் சரியாகவே இருக்கும். தெருவில் மாரிக்கனி எதிரே வந்தால் ஒன்றும் கேட்க மாட்டாள், நின்று முகத்தைப் பார்ப்பாள், நான் தலையை ஆட்டுவேன், போய்விடுவாள். அவளுக்கு நரைத்தது. முழங்கால் வலிக்கத் தொடங்கியது. ஒரு நாள் கேட்டாள்:

“எனக்குப் பொறகு இவள யாரு அண்ணாச்சி தூக்குவா?”

ஊர் தூக்கும் என்றேன். அவள் சரி என்றாள். இரண்டு பேருக்கும் அது போதவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்படியே இருபத்தாறு வருடம் போனது. கொரோனா இரண்டாம் அலை அடங்கிய கையோடு, இரண்டாயிரத்து இருபத்திரண்டுக்கான ஊர்க் காலண்டர். ஆவுடையப்பன் காலமாகிவிட்டார், வேலையெல்லாம் கம்ப்யூட்டரில், எனக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருந்தது. ஜூலை மாதத் தாள்களைப் பிரதி எடுத்து ஜூனுக்கு மாற்றியிருக்கிறார்கள், முப்பத்தொன்றாவது தாளை நீக்க மறந்திருக்கிறார்கள். புரூஃப் வந்தது. நான் பிப்ரவரிக் கடைசியை மூன்று தடவை பார்த்தேன், நான்காவது தடவையும் பார்த்தேன், மற்ற மாதங்களைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் முப்பது வியாழன். மறுநாள் காலையில் தாளைக் கிழித்தேன். ஜூன் 31, வெள்ளி.

வெளியே ஓடிவந்தேன். பஸ் வரவில்லை. எல்லோர் போனிலும் டவர் இல்லை. தெரு முழுக்க ஜனம் நின்றது, ஒருவருக்கும் சந்தேகம் இல்லை, சிலர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள், நான் மாரிக்கனி வீட்டுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினேன். அங்கே ஒருத்திக்கு வலி வந்திருந்தது. நர்ஸுகள் அவள் தலைமாட்டில் நின்று, “இன்னைக்கு வேண்டாந்தாயி, நாளைக்கு, நாளைக்கு,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கேட்கிற விஷயமா அது, ஆனாலும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஊர்ப் பெண்கள் வராந்தா முழுக்க உட்கார்ந்து அந்த நாள் முழுவதும் அவளோடு சேர்ந்து பல்லைக் கடித்தார்கள். மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவள் மாமியார் சுவரில் எட்டித் தாளைக் கிழித்தாள், ஜூலை ஒன்று, அதற்கப்புறம் பையன் பிறந்தான். அவனுக்கு இப்போது நன்றாகப் பல் முளைத்துவிட்டது.

நான் வராந்தாவிலிருந்து பிரஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்தேன். வளர்ந்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன், அவள் நாள் பிப்ரவரி, இது ஜூன், என் தப்பும்கூட இடம் மாறிப் போய்விட்டது. அப்போது மாரிக்கனி ஓடிவந்தாள். வலிக்கிற முழங்காலோடு ஓடிவந்தாள். ஒரு கையில் பாப்பா, மறு கையில் ஒரு துணி.

“அண்ணாச்சி! நெறம் மாறிருச்சு அண்ணாச்சி!”

துணியை என் மேஜையில், புரூஃப் தாள்களின் மேல் விரித்தாள். இருபத்தாறு வருடம் கறுப்பு அலசிய கை. இப்போது துணியில் பச்சை கலந்திருந்தது. இரண்டாம் நாள் குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும், அதுவும் நான் எழுதியதுதான். தொப்புள்கொடி நுனியில் சற்றே காய்ந்திருந்தது. பாப்பா கண்ணைத் திறந்து, ஒரு முழ தூரத்தில் இருந்த அம்மாவின் முகத்தை, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. தப்பாக வந்த நாளில் பிறந்தவள் தப்பாக வருகிற நாட்களில் மட்டும் வளர்கிறாள், அது பிப்ரவரியாக இருந்தால் என்ன, ஜூனாக இருந்தால் என்ன. இருபத்தாறு வருடத்துக்கு அப்புறம் அவளுக்கு ஒரு நாள் கூடியிருந்தது.

“நான் கணக்குப் போட்டுட்டேன்,” என்றாள் மாரிக்கனி. முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சந்தோஷம். “ஆறு வாரம்னா நாப்பத்திரண்டு நாள். ரெண்டு நாள் ஆயிருச்சு. இன்னும் நாப்பதுதான் அண்ணாச்சி. நாப்பதே நாப்பது தப்பு.”

முந்தின திங்கட்கிழமைதான் முதலாளியின் மகன் என்னைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். இந்த ஆடியிலிருந்து தேதிகளைக் கம்ப்யூட்டர் தானாகவே போட்டுக்கொள்ளும், தப்பே வராது. ஊர்க் காலண்டரை நிறுத்துகிறோம், யார் கிழிக்கிறார்கள், எல்லோரும் போனில் பார்க்கிறார்கள். நீங்களும் வீட்டில் ஓய்வாக இருங்கள் அண்ணாச்சி, கண்ணும் சரியில்லை. மரியாதையாகத்தான் சொன்னார், சால்வையும் வாங்கி வைத்திருந்தார்.

மாரிக்கனிக்கு அது தெரியாது. அவள் துணியை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், தெருவில் நின்று பார்ப்பாளே, அதே பார்வை.

“பண்ணிருவீங்கள்ல அண்ணாச்சி?”

“பண்ணிருவேன் தாயி,” என்றேன்.

அவள் சிரித்தாள். பாப்பாவின் கையை எடுத்து எனக்கு ஆட்டிக் காட்டிவிட்டுப் போனாள். முப்பத்தைந்து வருடத்தில் நான் சொன்ன ஒரே தப்பான தகவல் அது. ஆனால் தெரிந்தே சொன்னது. அதனால் எந்த நாளும் விடியாது.